பாயிரமும் போட்டி மேடையும்

ஒரு பொருளை ஆக்குதல் ஒரு திறன். ஆக்கிய பொருளை அறிந்தோர் அவையில் வைத்து விளக்குதல் பிறிதொரு திறன். முன்னையது அறிவியல் துறையினர்க்கு உரியது, பின்னையது மேடைப் பேச்சாளர்க்கு உரியது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணம் பொருந்துமா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து புத்தாக்கத் திட்டங்களை உருவாக்கிப் போட்டிகளில் முன்வைக்கும் வழக்கம் இந்நாளில் பெருகியுள்ளது. அரிதின் முயன்று நல்ல கருவியைச் செய்த குழு, அதனைச் சொல்லத் தெரியாமல் பின்தங்கிவிடுதல் உண்டு. சொல்வன்மை மிக்க குழு, அரைகுறையாகச் செய்ததை முழுமை பெற்றதுபோல் காட்டி முன்னேறிவிடுதலும் உண்டு. முன்னதில் ஒரு நல்ல ஆக்கம் சமுதாயத்திற்குப் பயன்படாமல் போகிறது; பின்னதில் சமுதாயம் நம்பி ஏமாறுகிறது. இரண்டையும் தவிர்க்கும் வழி தமிழ் இலக்கண நூலுக்குள்ளேயே இருக்கிறது என்பது நம் கருத்து.

போட்டியின் அமைப்பு

ஒரு போட்டியைச் சான்றாகக் கொள்வோம். மத்தியக் கல்வி அமைச்சகமும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமமும் இணைந்து நடத்தும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் 2017ஆம் ஆண்டு தொடங்கப் பெற்றது. அமைச்சகங்களும், அரசுத் துறைகளும், தொழில் நிறுவனங்களும் தாம் எதிர்கொள்ளும் சிக்கல்களைப் பட்டியலிட்டுத் தருகின்றன. மாணவர் குழுக்கள் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து தீர்வு காண வேண்டும். கணினி மென்பொருள் சார்ந்த இறுதிச் சுற்று 36 மணி நேரம் இடைவிடாது நடைபெறும். கருவிகளை உருவாக்கும் பிரிவுக்கு ஐந்து நாள் வரை உண்டு.

குழுவில் 6 மாணவர் இருத்தல் வேண்டும். அவருள் ஒருவரேனும் மாணவியாக இருத்தல் கட்டாயம். அனைவரும் ஒரே கல்லூரியைச் சார்ந்தோராயினும், வெவ்வேறு துறையினராய் இருப்பது ஊக்குவிக்கப்படுகிறது. இவ்விதியை நம் தமிழ்த்துறை மாணவர்கள் மனத்திற் கொள்ளுதல் நலம். ஏன் என்பது பின்னர் விளங்கும்.

முதற்கட்டத் தேர்வு நேரில் நடப்பதன்று. குழு அனுப்பும் காட்சிப் பக்கங்களைக் கொண்டே நடப்பது. அப்பக்கங்கள் தலைப்புப் பக்கம் உட்பட ஆறுக்கு மேற்படலாகாது என்று வகுத்திருக்கின்றனர். முதற் பக்கம் சிக்கலின் தலைப்பையும் குழுவின் பெயரையும் தாங்கும். இரண்டாவது தீர்வு இன்னதென்று கூறும். மூன்றாவது அதனை உருவாக்கும் முறையை விளக்கும். நான்காவது அது நடைமுறைக்கு ஒத்துவருமா என்பதை ஆராயும். ஐந்தாவது யாருக்கு என்ன பயன் என்பதைச் சொல்லும். ஆறாவது முன்னோர் ஆய்வுகளைக் குறிக்கும்.

எட்டும் ஆறும்

இந்த ஆறு பக்கங்களையும் காணும் தமிழ் மாணவர்க்கு நன்னூலின் சிறப்புப் பாயிரம் நினைவுக்கு வருதல் இயல்பே. ஒரு நூலின் முன்னே அமையும் பாயிரம் எட்டுச் செய்திகளை அறிவித்தல் வேண்டும் என்பது பவணந்தி முனிவர் வகுத்த நெறி. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவை.

இவ்வெட்டையும் அந்த ஆறோடு ஒப்பிட்டு நோக்குவோம். ஆக்கியோன் பெயரும் நூற்பெயரும் முதற் பக்கத்தில் அமைகின்றன. நுதலிய பொருள் இரண்டாம் பக்கம். நூல் எவ்வாறு யாக்கப்பட்டது என்பதைக் கூறும் யாப்பு மூன்றாம் பக்கத்திற்கு நிகர். எல்லை என்பது நூல் வழங்கும் நிலப்பரப்பைக் குறிப்பது. அதனைச் சற்று விரித்து, ஒரு கருவி எவ்விடத்தில் செயற்படும், எவ்விடத்தில் செயற்படாது என்று கொள்வோமாயின் அது நான்காம் பக்கம் ஆகிவிடும். கேட்போரும் பயனும் ஐந்தாம் பக்கத்தில் அடங்கும். எந்த முதனூலின் வழியாக இந்நூல் தோன்றிற்று என்பதை உணர்த்தும் வழி, ஆறாம் பக்கத்தில் முழுமையாகப் பொருந்துகிறது.

இவ்வொப்புமை கொண்டு நம் முன்னோர் அனைத்தையும் அன்றே கண்டுவிட்டனர் என்று பெருமை பேசுதல் நம் நோக்கமன்று. புதிய ஒன்றைப் பிறர் முன் வைப்போர், கேட்போர் உள்ளத்தில் எழும் வினாக்களுக்கு முன்கூட்டியே விடை தரக் கடமைப்பட்டவர் என்பது எக்காலத்திற்கும் பொது. நூலாயினும் கருவியாயினும் வினாக்கள் ஒன்றே. எவ்வளவு விரிந்த நூலாயினும் பாயிரம் இல்லையேல் அது நூலாகாது என்பது நன்னூலார் துணிபு. எத்துணைச் சிறந்த கருவியாயினும் தக்க விளக்கம் இல்லையேல் அதன் ஆக்கம் முற்றுப்பெறவில்லை என்று நாமும் துணியலாம்.

பாலாற்றங்கரையில் ஒரு கிணறு

கருத்து விளங்க ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்வோம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழில் நம் சமுதாயத்தார் பலர்க்கும், பிற சமயத்துத் தொழிலாளர் பலர்க்கும் நெடுங்காலமாக வாழ்வளித்து வந்துள்ளது. அத்தொழிலின் கழிவுநீர் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரைக் கெடுத்ததும் மறைக்கவியலா உண்மை. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28இல் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்துவோரே இழப்பை ஈடுசெய்தல் வேண்டும் என்னும் கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திற்று.

இவ்வட்டாரத்து மாணவர் ஆறு பேர், வீட்டுக் கிணற்று நீரைச் சோதிக்கும் எளிய கருவி ஒன்றைச் செய்து போட்டிக்குக் கொண்டுசெல்கின்றனர் என்று கொள்வோம். நீரில் உப்பு மிகுந்தால் அது மின்சாரத்தை எளிதிற் கடத்தும். அக்கடத்துதிறனை அளந்து, கரைந்துள்ள திடப்பொருள்களின் அளவைக் கணித்துக் காட்டுவதே கருவியின் வேலை. இந்தியத் தர அமைவனத்தின் 2012ஆம் ஆண்டு விதிப்படி, குடிநீரில் அவ்வளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேற்படாதிருத்தல் நன்று. வேறு நீர் கிடையாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம். தோலைக் கெடாமற் காக்க இடும் உப்பு, ஊறவைக்கும் நீரோடு வெளியேறுவதால், இப்பகுதியில் உப்பை அளத்தல் பொருளுடைய பணியே.

இனி இக்குழு மேடையேறுகிறது. முதற் சொற்றொடராக எதனைச் சொல்லும்? “கிணற்று நீர் தூயதா என்பதைக் காட்டும் கருவி இது” என்று சொல்லுமாயின் கேட்போர் மகிழ்வர், கைதட்டலும் எழும். ஆனால் அச்சொற்றொடர் உண்மையன்று.

குற்றங்களை அறிதல்

நூலுக்கு வரும் குற்றங்கள் பத்து என்று நன்னூல் தொகுத்துரைக்கிறது. அவற்றுட் சில நம் போட்டி மேடைகளில் நாள்தோறும் காணக்கூடியவை.

மயங்க வைத்தல் என்பது பொருள் இதுவோ அதுவோ எனக் கேட்போர் மயங்குமாறு கூறுவது. மேற்கண்ட சொற்றொடரில் ‘தூயது’ என்னும் சொல் அத்தகையது. தோல் பதனிடுதலில் குரோமிய உப்பும் பயன்படுகிறது. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது விதி. இது 500 மில்லிகிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. உப்பளவைக் காட்டும் எளிய கருவியின் கண்ணுக்கு இந்நுண்ணளவு புலப்படாது. கருவி நல்ல எண்ணைக் காட்ட, நீரில் குரோமியம் வரம்பு கடந்திருத்தல் கூடும். அந்நீரை ஒரு தாய் தன் குழந்தைக்கு நம்பிக் கொடுப்பாளாயின், பிழை கருவியினுடையதன்று. ‘தூயது’ என்ற சொல்லினுடையது.

குன்றக் கூறல் என்பது சொல்ல வேண்டியதைச் சொல்லாது விடுதல். நீரின் வெப்பம் ஒரு செல்சியஸ் பாகை உயர்ந்தால் கடத்துதிறன் ஏறத்தாழ 2 விழுக்காடு உயரும். காலையில் 25 பாகையில் அளந்த அதே நீரை நண்பகலில் 35 பாகையில் அளந்தால், வெப்பத்திற்கேற்பத் திருத்தம் செய்யாத கருவி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மிகுத்துக் காட்டிவிடும். இதனைக் குழு சொல்லாது விடின் நடுவர் கேட்பர். நடுவர் கேளாது விடினும் கிணறு காட்டிவிடும்.

மற்றொன்று விரித்தல் என்பது எடுத்த பொருளை விட்டு வேறொன்றில் இறங்குதல். உலக நீர்ப் பஞ்சத்தைப் பற்றி மூன்று பக்கமும் கருவியைப் பற்றி ஒரு பக்கமும் அமைக்கும் குழுக்களை நாம் கண்டிருக்கிறோம். சென்று தேய்ந்திறுதல் என்பது மேளதாளத்தோடு தொடங்கி முடிவில் மெலிந்துபோதல். முன்னுரையில் நேரத்தைச் செலவிட்டுவிட்டு, கருவி இயங்கும் முறையை மணி ஒலித்த பின்னர் விரைந்து முணுமுணுப்பது இதன் பாற்படும்.

ஆகவே அக்குழு சொல்லத்தக்கது இதுதான்: “இக்கருவி கிணற்று நீரின் உப்பளவைக் காட்டும். குரோமியத்தைக் காட்டாது. உப்பளவு திடீரென உயரும் கிணறுகளை முதலில் ஆய்வகத்திற்கு அனுப்ப இது வழிகாட்டும்.” இவ்வாறு சொன்னால் கருவியின் பெருமை குறைந்துவிடுமோ என அஞ்சுதல் வேண்டா. எல்லை தெரிந்த கருவியே பயன்படும் கருவி.

நன்னூல் தோன்றிய காலத்தை ஒட்டி, 1206ஆம் ஆண்டில், இன்றைய துருக்கியின் தியார்பக்கிரில் அல்-ஜஸரீ என்னும் முஸ்லிம் பொறியாளர் இயந்திரங்களைப் பற்றி அரபு மொழியில் ஒரு நூலை நிறைவு செய்தார். நீர்க் கடிகாரங்கள், நீரிறைக்கும் பொறிகள் முதலாக ஐம்பது அமைப்புகளைப் படங்களுடன் அது விளக்குகிறது. படத்தின் உறுப்புகளுக்கு எழுத்துக் குறியிட்டு, இன்னது இன்னதனோடு பொருந்தும் என்று படிப்படியாகச் சொல்லிச் செல்வதால், படிக்கும் தொழிலாளர் தாமும் அதனைச் செய்து பார்க்கலாம். செய்து பார்த்து உறுதிப்படுத்தாத தொழில்நுட்ப அறிவு மெய்க்கும் பொய்க்கும் இடையே ஐயத்திலேயே நிற்கும் என்பது அவர் கருத்து. சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்டப் பவணந்தியார் நன்னூலை இயற்றினார். அர்துகித் மரபின் மன்னர் கேட்டுக்கொள்ள அல்-ஜஸரீ தம் நூலை எழுதினார். ஒருவர் இலக்கணம் வல்லவர், மற்றவர் பொறி வல்லவர். இருவரும் தெளிவைக் கடமையாகக் கொண்டனர்.

முறையின் வைப்பு

நூலுக்குரிய அழகு பத்தனுள் ஒன்று முறையின் வைப்பு. எதனை முதலில் வைப்பது, எதனைப் பெரிதாகக் காட்டுவது என்னும் தெரிவு சில வேளைகளில் உயிர்களைப் பற்றியதாகவும் ஆகிவிடும்.

2003 ஜனவரி 16இல் கொலம்பியா விண்கலம் புறப்பட்ட 82 விநாடிக்குள், எரிபொருள் தொட்டியின் காப்பு நுரையிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து இடப்பக்கச் சிறகைத் தாக்கிற்று. கலம் விண்ணில் இருந்தபோதே பொறியாளர்கள் அதன் விளைவை ஆராய்ந்து, காட்சிப் பக்கங்களாக மேலாளர்க்கு எடுத்துரைத்தனர். ஒரு பக்கத்தின் தலைப்பு ஆறுதல் தரும் வகையில் இருந்தது. அதன் அடியில், கடைசி வரிகளுள் ஒன்றாக, இன்றியமையாத செய்தி கிடந்தது. முந்தைய சோதனையில் பயன்பட்ட நுரைத் துண்டு 3 கன அங்குலம். இப்போது தாக்கியதோ 1,920 கன அங்குலம் என மதிப்பிடப்பட்டது. அதாவது 640 மடங்கு. சோதனை முடிவுகளை இத்தாக்குதலுக்குப் பொருத்திப் பார்க்க இயலாது என்பதே அதன் பொருள். பிப்ரவரி 1ஆம் நாள் கலம் திரும்பி வருகையில் சிதைந்தது. இந்தியாவில் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரும் உயிர் நீத்தனர்.

விபத்திற்கு அப்பக்கம் மட்டுமே காரணம் அன்று. ஆயினும், உயர் அலுவலர் ஒருவர் அதனைப் படித்தும் உயிருக்கு ஆபத்தான நிலையைப் பற்றியது என்று உணராமல் போதல் எளிது என விசாரணைக் குழு அவ்வாண்டு ஆகஸ்டில் வெளியிட்ட தன் அறிக்கையில் சுட்டிக்காட்டியது. உண்மை சொல்லப்பட்டது, ஆனால் உரிய இடத்தில் வைக்கப்படவில்லை. குரோமியத்தைக் காட்டாது என்னும் செய்தியை ஆறாம் பக்கத்தின் அடியில் சிற்றெழுத்தில் வைத்துவிட்டு, “நாங்கள் சொல்லிவிட்டோம்” என்று குழு அமைதி கொள்ளலாகாது.

வினாவும் விடையும்

நம் மரபில் நூலை அரங்கேற்றுவோர் அவையினரின் தடைகளுக்கு விடை தந்தே ஏற்பைப் பெற்றனர். வள்ளல் சீதக்காதியின் ஊக்கத்தால் தொடங்கி, அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவால் சீறாப்புராணத்தை உமறுப்புலவர் அரங்கேற்றினார் என்பது நாம் போற்றிவரும் வரலாறு. போட்டி மேடையிலும் பேச்சினும் வினாநேரமே பெரிது.

வினா ஆறு வகை, விடை எட்டு வகை என்பது நன்னூல் முடிபு. நடுவர் வினாக்களிற் பெரும்பாலன அறிவினா. தமக்கு விடை தெரிந்திருந்தும், மாணவர்க்குத் தெரியுமா என்று அறியக் கேட்பது அது. சில ஐயவினா, நடுவர்க்கே உண்மையில் ஐயம் இருத்தல் கூடும். இவ்வேறுபாட்டைப் பகுத்துணரும் மாணவர் வினாவைக் கண்டு அஞ்சார். தம்மைத் தாக்குவதாகவும் கருதார்.

விடைகளுள் சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் நேரடி விடைகள். ஏனைய ஐந்தும் குறிப்பால் விடை தருபவை. “இது குரோமியத்தைக் காட்டுமா?” என்ற வினாவுக்கு “காட்டாது” என்று கூறும் மறைவிடை ஒரு சொல்லில் முடிகிறது. அதனை விடுத்து, வருங்காலத்தில் செயற்கை நுண்ணறிவின் துணையால் மேம்படுத்துவோம் என்று சுற்றி வளைத்தல் நடுவரின் நம்பிக்கையைக் குலைக்கும். நேரடி விடையை முதலில் தந்து, விளக்கத்தைப் பின்னர்த் தருதலே சிறப்பு. செய்யாததைச் செய்யவில்லை என்று சொல்லுதல் அமானிதம் பேணுதலின் ஒரு கூறு என்பதை நம் இல்லங்களில் கற்றே வளர்ந்திருக்கிறோம்.

குழுவில் எவர் பேசுவது?

ஆங்கிலம் சரளமாகப் பேசும் ஒருவர் அனைத்தையும் பேச, மற்றையோர் கைகட்டி நிற்கும் காட்சி பல மேடைகளில் உண்டு. சுற்றுப்பலகையை இணைத்த மாணவரே அதன் பழுதையும் அறிவார். கிணறு கிணறாகச் சென்று நீர் எடுத்த மாணவரே மக்கள் சொன்னதை அறிவார். அவரவர் செய்ததை அவரவர் சொல்லுதலே சான்று. ஆங்கிலம் தடுமாறினும் அறிவு தடுமாறாது என்பதை நல்ல நடுவர் உணர்வர்.

மாணவியரைப் பற்றியும் சமுதாயப் பெரியோர்க்கு ஒரு சொல். விதியை நிறைவு செய்வதற்காக ஒரு மாணவியின் பெயரைச் சேர்த்துவிட்டு, வெளியூர் செல்லும் நாளில் அவரை வீட்டிலிருத்திவிடுதல் முறையன்று. தக்க பாதுகாப்பும் உடன்வரும் ஆசிரியையும் அமைத்துக் கொடுப்பது நம் பொறுப்பு. 2017 ஜூலையில் வாஷிங்டனில் நடந்த உலக மாணவர் எந்திரவியல் போட்டிக்கு ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரிலிருந்து ஆறு மாணவியர் சென்றனர். இருமுறை நுழைவிசைவு மறுக்கப்பட்ட பின்னரே அவர்களுக்கு வழி திறந்தது. தூய நீரையும் மாசு நீரையும் குறிக்கும் நீலப் பந்துகளையும் செம்மஞ்சள் பந்துகளையும் பிரித்தெடுக்கும் எந்திரத்தை இயக்கிக் காட்டி, துணிவுமிக்க செயலுக்கான வெள்ளிப் பதக்கத்துடன் திரும்பினர். அக்கரைப் பெண்மக்களால் இயன்றது நம் பெண்மக்களாலும் இயலும்.

தமிழ் மாணவரின் இடம்

வெவ்வேறு துறையினர் சேரலாம் என்ற விதியை மேலே சுட்டினோம். ஆறு பேரில் ஒருவர் தமிழ் மாணவராயின் அவர் செய்யத்தக்க பணி யாது? மேடையில் வரவேற்புக் கவிதை படித்தல் அன்று. குழு செய்ததை முதலில் தமிழில் எழுதச் செய்தல் அவர் பணி. தாய்மொழியில் எழுதும்போது, விளங்காததை விளங்கியதுபோல் மறைக்க இயலாது. ‘தூயது’ என்ற சொல்லைச் சுட்டிக்காட்டி, “எதிலிருந்து தூயது?” என்று கேட்பவர் அவராகவே இருப்பார். தமிழில் தெளிந்த பின்னர் ஆங்கிலத்தில் ஆக்குவது கடினமன்று.

அடுத்து, கருவியைப் பயன்படுத்தவிருக்கும் மக்களிடம் அதனை விளக்கிப் பார்த்தல் வேண்டும். வாணியம்பாடியில் இல்லத்தில் உருது பேசுவோரும் உளர், தமிழ் பேசுவோரும் உளர். கிணற்றடியில் நிற்கும் ஒரு மூதாட்டிக்கு அவர் மொழியில் விளக்கி, “சரி, இந்த எண் ஏறினால் நான் என்ன செய்யவேண்டும்?” என்று அவர் திருப்பிக் கேட்பாராயின், குழுவின் விளக்கம் வெற்றி பெற்றது எனலாம். அவ்வினாவுக்கு விடை இல்லையேல், மேடையேறுமுன் தேடிக்கொள்ள வேண்டியது அதுவே.

பரிசு பெறும் குழுக்கள் சிலவே. பெறாத குழுக்கள் பல. ஆயினும் தாம் செய்தது இன்னது, செய்யாதது இன்னது என்று ஆறு பக்கத்தில் பிழையறச் சொல்லக் கற்ற மாணவர் எவரும் தோற்றவர் ஆகார். நாளை அவர் பொறியாளராகலாம், மருத்துவராகலாம், தொழிற்சாலை உரிமையாளராகலாம், பள்ளிவாசல் நிருவாகியாகவும் ஆகலாம். எங்கிருப்பினும் அவர் சொல்லை மக்கள் நம்பி நடப்பர். அந்நம்பிக்கைக்குத் தகுதியுடைய இளைஞரை உருவாக்கும் பணியில் அறிவியல் துறைகளோடு தமிழ்த்துறையும் தோளோடு தோள் நிற்க வேண்டும். அதற்கு வல்ல இறைவன் அருள்புரிவானாக!